மூன்றாம் மாடிக்கு ஓர் அர்ச்சனை

சென்ற செவ்வாய்க்கிழமை நான் வகுப்பில் இருந்தபோது பேச்சாயி அக்காவின் மகன் செல்வம் தொலைபேசியில் கூப்பிட்டார். "அம்மா போயிட்டாங்க டீச்சர். உங்களுக்குத்தான் மொதல்ல சொல்றேன்." அன்றே மகளையும் கூட்டிக்கொண்டு புறப்பட்டேன். இப்போது நான் படிப்பிக்கும் ரம்புக்கனையிலிருந்து பஸ் மாறி மாறி யட்டியாந்தோட்டைப் பக்கம் அந்தப் பழைய தோட்டத்துக்குப் போய்ச் சேரும்வரை மகள்தான் என் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

பேச்சாயி அக்காவைத் தோட்டத்தில் நீங்கள் எல்லோரும் றப்பர் பால் வெட்டுவதில் கெட்டிக்காரியாக அறிவீர்கள். எனக்கு அவர் லயத்தில், அந்த ஒற்றை வரிசை வீடுகளில், அடுத்த காம்பராக்காரர்; நடுவில் ஒரே சுவர்தான். தோட்டப் பாடசாலைக்கு நான் வந்த புதிதில் விடுதி இல்லாமல் அங்கேதான் குடியேறினேன். என் கணவருக்குக் கொழும்பில் ஒரு கடையில் வேலை. மாதம் ஒருமுறை வருவார். வரும்போது ஒரு தொடர்கதையின் அடுத்த பாகத்தைக் கொண்டுவருவார். நாலு மாடி, எட்டு வீடு, அதில் குடியிருப்பவர்களின் கதை. ஒரு பாகத்தில் சிடுமூஞ்சியாக வந்தவர், அடுத்த பாகத்தில் எதிர்வீட்டுக்காரி சொல்லும்போது பாவமாகத் தெரிவார். எனக்கு அதில் பைத்தியம்.

லயத்துச் சுவர்கள் கூரைவரை போவதில்லை. ஒரு பின்னேரம் எதையோ படித்து நான் சிரிக்க, அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது. "தனியா சிரிச்சா எப்புடிங்க டீச்சர்? வாய்விட்டுப் படிங்க, நாங்களும் சிரிக்கிறோம்."

அன்றிலிருந்து நான் இந்தப் பக்கம் படிப்பேன், அவர் அந்தப் பக்கம் அரிசி புடைத்துக்கொண்டே கேட்பார். "அனே, லயத்து மேல லயத்த அடுக்கி வச்ச மாதிரிதானே இருக்கு" என்பார். மறுநாள் காலை, கூடப் பால் வெட்டும் சிங்களப் பெண்களுக்கு முழுக்கதையையும் சிங்களத்தில் சொல்லிவிடுவார். மூன்றாம் மாடி நோனா எப்படி இருக்கிறாள் என்று பஸ் நிறுத்தத்தில் என்னை விசாரித்தவர்கள் உண்டு. நான் படித்ததைவிட அவர் சொன்னது நன்றாக இருந்திருக்க வேண்டும்.

அந்த மூன்றாம் மாடிக்காரியின் பெயர் கமலினி. ஒரு பிள்ளையைப் பறிகொடுத்துவிட்டு மறுபடி கர்ப்பமாயிருப்பவள். அப்போது நானும் அப்படித்தான் இருந்தேன். முதல் பிள்ளை தங்கவில்லை. இரண்டாவது, வயிற்றில் மூன்று மாதம். பயத்தில் அதை நான் லயத்தில் யாரிடமும் சொல்லவில்லை.

அம்மன் கோயில் திருவிழாவன்று அக்கா பூத்தட்டோடு என் வாசலில் வந்து நின்றார்.

"கமலினிக்கு என்னா நட்சத்திரம் டீச்சர்? அர்ச்சனை பண்ணணும்."

"அது கதைங்க அக்கா."

"கதைதான். புள்ளத்தாச்சிதானே."

கதை எழுதியவர் நட்சத்திரத்தையா எழுதி வைத்தார்? அக்கா நகர்கிற மாதிரி இல்லை. "அஸ்தம்" என்றேன். அது என்னுடைய நட்சத்திரம். பூசாரியும் மறுபேச்சில்லாமல் கமலினி, அஸ்தம் என்று சொல்லி அர்ச்சனை செய்தார். அக்கா திருநீற்றை என்னிடம் நீட்டினார். "அவ இங்க வரமாட்டா. நீங்க பூசிக்கங்க."

அடுத்து வந்த பாகத்தில் கமலினியின் பிள்ளை இறந்துபோகிறது. வாசிக்க உட்கார்ந்தபோது அந்த இடத்தை என்னால் தாண்ட முடியவில்லை. வாய் தானாக வேறு கதை சொல்லிற்று. சுகப்பிரசவம், பெண் பிள்ளை, எட்டு வீட்டுக்காரரும் வந்து பார்த்தார்கள். சுவருக்கு அப்பால் சுளகு நின்றுபோனது. பிறகு "சந்தோசம் டீச்சர்" என்று மட்டும் கேட்டது. நம்ப வைத்துவிட்டேன் என்று எனக்கு உள்ளூரப் பெருமைதான்.

மறுநாளிலிருந்து என் வாசலில் தண்ணீர்க் குடம் நிறைந்திருந்தது. விறகு வந்தது, கஞ்சி வந்தது. ஏன் என்று கேட்டால் "சும்மாதான்" என்பார். கிளினிக்குக்கும் அவரே கூட வந்தார்.

மகள் பிறந்ததும் ஆஸ்பத்திரியில் அவளைத் தூக்கி, "வாடி என் மூணாம் மாடிப் புள்ள" என்றார்.

"நான் கதைய மாத்திச் சொன்னது தெரியுமா அக்கா?"

"தாள் திருப்புற சத்தமே கேக்கலையே டீச்சர். அந்தப் புள்ள தங்கலன்னு அப்பவே வெளங்கிருச்சு. நீங்க எதுக்குப் பயப்படுறீங்கன்னும் வெளங்கிருச்சு."

நான் வாய்விட்டு அழுதேன். ஆறு மாதம் என் பொய்யை அவர் உடைக்காமல் வைத்திருந்திருக்கிறார். சிங்களப் பெண்களிடமும் அந்தப் பொய்யைத்தான் சொல்லியிருந்தார்.

அந்தப் பாகம் இன்னும் என்னிடம் இருக்கிறது. ஆனால் அக்கா எனக்கு விட்டுப்போனதாக நான் வைத்திருப்பது மூணாம் மாடிப் புள்ள என்ற அந்தப் பெயரைத்தான். மகளுக்கு இப்போது வயது பதினான்கு. அப்படிக் கூப்பிட்டால் கோபம் வரும். அன்று இழவு வீட்டில் அக்காவோடு பால் வெட்டிய ஒரு வயதான சிங்களப் பெண், இது யார் என்று அவளைக் கேட்டார். மகள் தலையை நிமிர்த்தி, "நான்தான் மூணாம் மாடிப் பிள்ளை" என்று சிங்களத்தில் சொன்னாள்.

அந்தப் பெண் அவள் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கேட்டார்: "எட்டு வீட்டுக்காரரும் வந்து பார்த்த பிள்ளையா?"