எட்டாவது கேள்விக்கு நான் எழுதிய பதில்

காபிக் கடையில் உட்கார்ந்து பாட்டு விற்கிறேன் என்றால் எங்கள் சொந்தக்காரர்களே சிரிப்பார்கள். சிரிக்கட்டும். தூத்துக்குடியில் ஏசி போட்ட காபிக் கடைகள் தெருவுக்கு ஒன்றாக முளைத்த பிறகு, மாதா கோயில் பாடற்குழுவில் கீபோர்டு வாசித்துக்கொண்டிருந்த நான் ஒரு லேப்டாப்பையும் ஹெட்ஃபோனையும் தூக்கிக்கொண்டு அங்கே போனேன். வீட்டில் இருந்தால் யார் தேடி வரப்போகிறார்கள்? கடைக்கார அண்ணாச்சி மூலை மேஜையை விட்டுக்கொடுத்தார். பாட்டு கேட்டு வருகிறவர்கள் ஆளுக்கொரு காபியாவது குடிக்க வேண்டும் என்பது எங்களுக்குள் பேச்சு.

புதுநன்மை என்கிற முதல் நற்கருணை வாங்கும் பிள்ளைக்கு, கல்யாண நாள் கொண்டாடும் தம்பதிக்கு, கப்பலுக்குப் போன புருஷனின் பிறந்தநாளுக்கு என்று அவரவர் பெயர் வைத்துப் பாட்டு செய்து வாட்ஸ்அப்பில் அனுப்புவேன். பெண் குரல் வேண்டுமென்றால் நானே பாடுவேன். ஆண் குரலை இப்போது கம்ப்யூட்டரே பாடிக் கொடுத்துவிடுகிறது. முடிவில் ஒரு கப்பல் ஹாரன் வைப்பது என் முத்திரை, கடையில் பாட்டைப் போட்டுக் காட்டும்போது எல்லார் காதிலும் விழும். மெட்டு பெரும்பாலும் ஏழெட்டுதான், மாற்றி மாற்றிப் போடுவேன். விவரம்தான் என் சரக்கு. அதற்காக ஒரு தாள் வைத்திருந்தேன், எட்டுக் கேள்விகள். எட்டாவது கேள்வி: உங்களுக்கு மட்டும் தெரிந்த அவருடைய பழக்கம் ஒன்று. அந்த ஒரு வரி பாட்டில் வரும்போதுதான் ஜனங்கள் கண்ணைத் துடைப்பார்கள். அதில் எனக்கு ரொம்பத் தலைக்கனம்.

போன வருஷம் ஒரு பையன் வந்தான். இருபத்தைந்து, இருபத்தாறு வயதிருக்கும், இஸ்திரி கலையாத சட்டை. சுவரோடு ஒட்டின நாற்காலியில் உட்கார்ந்து, கட்டிக்கப்போகிற பெண்ணுக்குப் பாட்டு வேண்டும் என்றான். அவன் தாளை நிரப்பின விதத்தைப் பார்த்து நான் சொக்கிப்போனேன். க்ரீம் கலர் ஸ்கூட்டர். எட்டே முக்காலுக்கு ரெண்டாம் கேட்டில் ரயிலுக்காக நிற்கும்போது ஹெல்மெட்டைக் கழற்றி முடியை ஒதுக்குவாள். செவ்வாய்க்கிழமை அந்தோனியார் கோயிலில் இடது பக்கம் மூன்றாவது பெஞ்சு. எப்படிப்பட்ட அன்பு பாருங்கள் என்று நினைத்தேன். அன்று சாயங்காலம் கப்பலிலிருந்து கூப்பிட்ட என் வீட்டுக்காரரிடம், "நான் காபி எப்படிக் குடிப்பேன்னு உங்களுக்குத் தெரியுமா?" என்று சண்டைகூடப் போட்டேன். "நீ டீல்லா குடிப்ப" என்றார் மனுஷன்.

எட்டாவது கேள்வியை மட்டும் அந்தப் பையன் காலியாக விட்டிருந்தான்.

"இதான் தம்பி முக்கியம்" என்றேன்.

"நீங்களே ஏதாவது போடுங்கக்கா" என்றான்.

சும்மா விட எனக்கு மனசு வரவில்லை. சுற்றிப் பார்த்தேன். ரெண்டு மேஜை தள்ளி ஆபீஸ் அடையாள அட்டை மாட்டின ஒரு பெண், எங்கள் ஊர் முந்திரி இனிப்பான கூம்பு மக்ரூனின் நுனியை மட்டும் கிள்ளிக் காபியில் போட்டு, அது கரைகிற வரைக்கும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அடிக்கடி அங்கே வருகிறவள்தான், பேசிப் பழக்கமில்லை. நல்லாயிருக்கே என்று என் கறுப்புப் பேனாவால் அதை எழுதினேன். பையன் படித்துவிட்டுச் சிரித்தான். பாட்டு மூன்றாம் நாள் அவன் நம்பருக்குப் போய்விட்டது.

அதற்கடுத்த வாரம் அந்தப் பெண் என் மேஜைக்கு முன்னால் வந்து நின்றாள். முகம் வெளிறியிருந்தது. போனை நீட்டினாள். என் பாட்டு ஓடியது, கடைசியில் என் கப்பல் ஹாரன்.

"இது நீங்க செஞ்சதுதானக்கா? இங்கன எத்தன தடவ இந்த ஹாரனைக் கேட்டிருக்கேன்."

"ஆமா. உனக்கா இது? உன்னைக் கட்டிக்கப்போற பையன்தானே..."

"யாரைக் கட்டிக்கப்போறேன்? அவன் யாருன்னே எனக்குத் தெரியாது."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. உட்காரச் சொல்லக்கூடத் தோன்றவில்லை. அவளே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து சொன்னாள். ஹார்பர் ரோட்டில் கப்பல் சரக்குக்குக் கஸ்டம்ஸ் வேலை முடித்துக் கொடுக்கிற ஒரு கிளியரிங் ஆபீஸில் வேலை பார்க்கிறாள். தெரியாத நம்பரிலிருந்து பாட்டு வந்திருக்கிறது. வீட்டில் எல்லாரும் சாப்பிடும்போது என்ன ஏதென்று தெரியாமல் திறந்துவிட்டாள். சத்தமாகப் பாடி முடித்துவிட்டது. அவள் அப்பா ஹார்பரில் கிரேன் ஓட்டுகிறவர். இனிமேல் வேலைக்குப் போகவேண்டாம் என்று சொல்லிவிட்டாராம். பாதிச் சம்பளம் வரவேண்டியிருக்கிறது, போய்க் கேட்டு வாங்கி வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்திருந்தாள்.

"கேட்ல நிக்கதையும் கோயில்ல உக்காருததையும் ஊர்ல கண்ணுள்ள எவனும் பாப்பான்னு அப்பாவே சொல்லுதாரு. ஆனா மக்ரூன் நுனியைக் கிள்ளிப் போடுதது சின்னப் பிள்ளையிலேர்ந்து உள்ள பழக்கம். எதுத்தாப்புல உக்காந்து திங்காம அவனுக்கு எப்படித் தெரியும்னு கேக்காரு. எனக்கே தெரியலக்கா. யார் சொல்லியிருப்பா?"

என் கை தானாகப் பைக்குள் போனது. அந்தப் பையனின் தாளை எடுத்தேன். ஏழு பதில்கள் நீல மையில், எட்டாவது கறுப்பில். அந்தப் பையன் சுவரோடு ஒட்டின நாற்காலியை ஏன் தேர்ந்தெடுத்தான், யாரைப் பார்க்க வாகாக உட்கார்ந்திருந்தான், நான் எழுதினதைப் படித்து எதற்குச் சிரித்தான் என்பதெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகப் புரிந்தது. அவன் பார்த்துக்கொண்டிருந்தவளையே நானும் பார்த்து அவனுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

"நான்தான்" என்றேன்.

அவள் என்னைத் திட்டவில்லை. தாளை வாங்கி மேலிருந்து கீழ் வரை படித்தாள். பிறகு கேட்டாள்: "இதுல நான் பேசுன ஒரு வார்த்தையாவது இருக்காக்கா?"

நான் ஒவ்வொரு பதிலாகத் திரும்பப் படித்தேன். நடந்தாள், நின்றாள், உட்கார்ந்தாள், முடியை ஒதுக்கினாள். அவ்வளவுதான். ஒரு பெண்பிள்ளையாக இருந்துகொண்டு எனக்கு இது கண்ணில் படவில்லை. வெட்கத்தில் முகம் எரிந்தது.

"எங்கப்பாட்ட வந்து சொல்லுங்க" என்றாள்.

உண்மையைச் சொல்கிறேன், எனக்குப் போக இஷ்டமில்லை. போனில் சொன்னால் போதாதா, கடைக்கார அண்ணாச்சியை அனுப்பினால் ஆகாதா என்றெல்லாம் மனசு வழி தேடியது. அவள் எழுந்து ஸ்கூட்டர் சாவியை எடுத்துக்கொண்டு காத்து நின்றாள். பின்னால் ஏறி உட்கார்ந்தேன். ரெண்டாம் கேட்டில் ரயிலுக்காக நின்றோம். அவள் ஹெல்மெட்டைக் கழற்றவில்லை.

அவள் அப்பா வாசல் அறையில் இருந்தார். நான் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தாளை வெளிச்சத்தில் பிடித்தார். நீல மையையும் கறுப்பு மையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இந்தக் கடைசி வரி உங்க கையெழுத்தா?"

"ஆமா அண்ணாச்சி. அந்தப் பையனுக்கு உங்க பிள்ளையைப் பத்தி எதுவும் தெரியாது. அதான் காலியா விட்டிருந்தான். புத்தியில்லாம நான் நிரப்பிட்டேன்."

அவர் தாளை மடியில் வைத்தார். பிறகு மகள் பக்கம் திரும்பாமலே சொன்னார்: "இந்த ஒரு வரி இல்லாட்டா நான் இவளை நம்பியிருப்பேன்."

அப்பாடா, தீர்ந்தது என்று நான் மூச்சு விட்டேன். அதற்குள் சமையலறை வாசல் நிலையில் சாய்ந்திருந்த அவள் சொன்னாள்: "அந்த வரி இருந்தாலும் நம்பியிருக்கணும்லாப்பா."

குரலை உயர்த்தவே இல்லை. அவர் கண்ணாடியைக் கழற்றினார், மடக்கத் தெரியாதவர் மாதிரி கையிலேயே வைத்திருந்தார். எனக்கு அந்த அறையில் நிற்க முடியவில்லை.

மறுநாள் நாங்கள் மூவருமாக மகளிர் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய்த் தாளையும் அவன் நம்பரையும் கொடுத்தோம். அவனைக் கூப்பிட்டு, இனி அவள் பக்கம் வரமாட்டேன் என்று எழுதி வாங்கினார்கள். அவள் வேலைக்குத் திரும்பினாள். எட்டாவது கேள்வியை நான் எடுத்துவிட்டேன். அந்த இடத்தில், அவர் உங்களிடம் சொன்ன ஏதாவது ஒன்றை எழுதுங்கள் என்று போட்டிருக்கிறேன். பேனாவைப் பிடித்துக்கொண்டு விழிக்கிறவர்களை இப்போது நிறையப் பார்க்கிறேன், கல்யாணமாகி இருபது வருஷம் ஆனவர்கள் உட்பட.

அவள் இன்னும் அந்தக் கடைக்கு வருகிறாள். என்னைப் பார்த்தால் தலையசைப்பாள், பகை ஒன்றும் இல்லை. ஆனால் சுவரைப் பார்த்த நாற்காலியில்தான் உட்காருகிறாள், வெறும் காபிதான் குடிக்கிறாள். அவள் திரும்ப வந்த முதல் வாரம் விஷயம் தெரியாத கடைக்கார அண்ணாச்சி வழக்கம்போல ஒரு மக்ரூனைத் தட்டில் வைத்துக் கொடுத்தார். அவள் அதைத் தொடாமல், காபியைக் குடித்துவிட்டு எழுந்து போனாள்.