தீபாவளியன்று ஓடிய ஒற்றைத் தறி

1. சீயக்காயும் போனும்

கால்நடை மருத்துவருக்குத் தீபாவளி விடுமுறை என்று ஒன்று கிடையாது. அன்று ஆடு மாடுகள்கூட ஓரளவு சும்மா இருக்கும். நாய் வளர்ப்பவர்கள் சும்மா இருக்கமாட்டார்கள். சங்கரன்கோவிலில் நான் வேலை பார்த்த கடைசி வருஷங்களில் தெருவுக்குத் தெரு வளர்ப்பு நாய்கள் பெருகிவிட்டன. என் எண்ணெய்க் குளியல் ஒரு தீபாவளிக்கும் ஒழுங்காக முடிந்ததில்லை.

அந்த வருஷமும் தலை நிறையச் சீயக்காயோடுதான் போனை எடுத்தேன்.

"டாக்டரம்மா, செம்பி கதவப் பிறாண்டிப் பிறாண்டி நகமெல்லாம் ரத்தம். கொஞ்சம் வாங்களேன்."

பேசியது கோமதி. அவள் கணவர் சுப்பையா அண்ணாச்சி விசைத்தறி வைத்திருப்பவர். செம்பி அவர்கள் வீட்டு நாய். முந்தைய தீபாவளிக்கு யாரோ அணுகுண்டு வெடித்ததில் கேட்டைத் தாண்டி ஓடி, சில நாள் கழித்து மேலநீலிதநல்லூர் பக்கம் அகப்பட்டது. இந்த முறை அது நிறைமாதம். இன்றோ நாளையோ குட்டி போட வேண்டும். பயம் பிடித்த நாய்க்குப் பிரசவ வலி பாதியில் நின்றுபோவது உண்டு. நின்றால் குட்டிகள் பிழைப்பது கஷ்டம், தாய்க்கும் ஆபத்து. தலையை அரைகுறையாக அலசிவிட்டு ஸ்கூட்டியை எடுத்தேன்.

2. சொன்ன பேச்சைக் கேட்டவர்

தீபாவளி நெருங்கினால் எல்லாரிடமும் ஒரே பாட்டைத்தான் பாடுவேன். பகலிலேயே நாயை வெளியே கூட்டிப்போய் வந்துவிடுங்கள். கழுத்துப்பட்டை இறுக்கமாக இருக்கிறதா பாருங்கள். வெடி விடும் இடத்துக்கு இழுத்துப் போகாதீர்கள். வீட்டிலுள்ள தூக்க மாத்திரையைக் கொடுத்துத் தொலைக்காதீர்கள். ஜன்னலைச் சாத்தி, அமைதியான அறையில் விடுங்கள். கேட்கிறவர்கள் "சரி டாக்டர்" என்பார்கள். பிறகு நாயின் பக்கத்திலேயே சரவெடியைக் கொளுத்துவார்கள்.

அண்ணாச்சி அப்படியில்லை. அட்சரம் பிசகாமல் செய்திருந்தார். மாடி அறை, சாத்திய ஜன்னல், அதன்மேல் சாக்கு. மின்விசிறியைக்கூட நிறுத்தியிருந்தார்.

"ஃபேன் எதுக்கு அண்ணாச்சி நிக்குது?"

"நீங்கதான அமைதியா இருக்கணும்னு சொன்னிய?"

எனக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. செம்பி மூச்சிரைத்தபடி சுவரோரம் சுற்றிக்கொண்டிருந்தது. அண்ணாச்சியும் அதன் பின்னாலேயே குறுக்கும் நெடுக்கும் நடந்து, நடுவில் கோமதிமேல் எரிந்து விழுந்தார். நிறைமாத நாய்க்கு மயக்க மருந்து போட எனக்கு மனம் வரவில்லை. தரையில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அதையே பார்த்தேன்.

வெடி வெடித்தபோது செம்பி துள்ளியது. ஆனால் வெடிக்கும் வெடிக்கும் நடுவில் இருந்த நிசப்தத்தில்தான் அதன் உடம்பு அதிகமாக நடுங்கியது. காதை விடைத்துக்கொண்டு அடுத்த வெடிக்காகக் காத்து நின்றது.

"தெனமும் இது எங்க படுக்கும்?"

"தறிக்கூடத்துலதான், மூணாந்தறிக்குப் பக்கத்துல," என்றாள் கோமதி. "குட்டியில இருந்து அங்கனதான்."

தறிகள் ஓடும்போது அந்தக் கூடத்துக்குள் பக்கத்தில் நிற்பவரிடமே கத்தித்தான் பேச வேண்டும். செம்பி அங்கே குறட்டை விட்டு நானே பார்த்திருக்கிறேன்.

"அண்ணாச்சி, அந்தத் தறிய ஓட்டுங்க."

அவர் முகம் மாறிவிட்டது. "தீபாவளியன்னைக்கா? நேத்துத்தான் போனஸ் குடுத்து எல்லாரையும் அனுப்பிருக்கேன். சத்தம் கேட்டா, நமக்கு லீவச் சொல்லிட்டு வேற ஆள வச்சு ஓட்டுதாருன்னு சண்டைக்கி வந்துருவானுவ."

"வந்தா நான் பேசிக்கிடுதேன்."

"நீங்க மொதல்ல சுவிச்சப் போடுங்க," என்றாள் கோமதி. "ஊரு பேசுறதப் பொறவு பாத்துக்கிடலாம்."

3. புது வேட்டியில் முதலாளி

செம்பியைத் தறிக்கூடத்துக்குக் கூட்டிவந்து, ஜன்னல்களைச் சாத்தி, மூலையில் பழைய சேலையை விரித்தோம். அண்ணாச்சி புது வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மூன்றாம் தறியை ஓட்டினார். தடதடவென்று அது ஆரம்பித்ததும் செம்பியின் காது மெல்லத் தாழ்ந்தது. தானாகவே மூலைக்குப் போய்ப் படுத்தது. வெளியே பெரிய வெடி ஒன்று வெடித்தது. தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி கீழே வைத்துக்கொண்டது.

அண்ணாச்சி பயந்தபடியே தறிக்காரர்கள் இரண்டு பேர் வாசலில் வந்து நின்றார்கள். "என்ன அண்ணாச்சி, லீவு எங்களுக்கு மட்டுந்தானா?"

அந்த இரைச்சலுக்குள் அண்ணாச்சி வாயில் விரலை வைத்தார். "ஏலே, மெதுவாப் பேசு! பிரசவம் நடக்கு!"

அவர்கள் மூலையை எட்டிப் பார்த்தார்கள். ஒருவர் சிரித்துக்கொண்டே சட்டையைக் கழற்றினார். "தள்ளும் வே, புது வேட்டில கிரீஸ் பட்டுரும். ஊடை நூலு தீந்ததுகூடத் தெரியாம நிக்கீரு."

சாயங்காலத்துக்குள் நான்கு குட்டிகள். மூன்று தாயைப் போலச் செவலை, ஒன்று யார் சாடையோ தெரியவில்லை. எத்தனையோ மாடுகளுக்குப் பிரசவம் பார்த்தவள் நான். அன்று எனக்குக் கண் கலங்கிவிட்டது. இரைச்சலில் மூக்கை உறிஞ்சியது யாருக்கும் கேட்கவில்லை.

4. இப்போது முதலில் கேட்பது

அதற்குப் பிறகு யோசனை சொல்வதற்கு முன்னால் ஒரு கேள்வி கேட்பேன்: "உங்க நாய் எந்தச் சத்தத்துல நிம்மதியாத் தூங்கும்?" ஒரு வீட்டில் டி.வி. சீரியல் என்றார்கள். அப்படியானால் தீபாவளியன்று சீரியலை நிறுத்தாதீர்கள் என்றேன். அந்த வீட்டு மாமியாருக்கு அன்றிலிருந்து என்மேல் தனி மரியாதை. இளம் டாக்டர்களுக்கும் இதைத்தான் சொல்வேன். அமைதி எது என்பதை அந்த ஜீவனிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

ஓய்வு பெற்ற பிறகு, போன தீபாவளிக்கு அதிரசம் எடுத்துக்கொண்டு அண்ணாச்சி வீட்டுக்குப் போனேன். செம்பியை அவர் மகள் சிவகிரிக்குக் கூட்டிப் போய்விட்டாள் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் தெருமுனையிலேயே தறிச் சத்தம் கேட்டது. உள்ளே கோமதி பட்டுச்சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மூன்றாம் தறிக்கு நூல் மாற்றிக்கொண்டிருந்தாள். செம்பி படுத்திருந்த மூலையில், பாய் விரித்து, அண்ணாச்சி வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார்.

நான் கூப்பிட வாயெடுத்தேன். கோமதி பதறிக் கையைக் காட்டினாள்.

"சத்தம் போடாதீங்க டாக்டரம்மா! லீவுன்னா ஒரு எடத்துல இருக்கமாட்டாக, வள்ளுவள்ளுன்னு விழுவாக. இப்பத்தான் கண்ணசந்தாக."

அதிரசத்தைச் சத்தமில்லாமல் ஸ்டூலில் வைத்துவிட்டு வெளியே வந்தேன்.