அகிலாந்தகன் சாகக் கூடாது

1974-ல் ராயபுரம் கல்மண்டபத்துக்குப் பக்கத்தில் இருந்த அத்தாவுல்லா பாயின் அச்சகத்திலிருந்து ‘கடல்குதிரை’ என்ற படக்கதைப் பத்திரிகை மாதம் இருமுறை வந்துகொண்டிருந்தது. படத்தில் பேசுகிறவர்களின் தலைக்கு மேலே இருக்கும் வட்டங்களுக்குள் வசனம் எழுதுவது ஃப்ளோராவின் வேலை. அச்சு எழுத்து அந்த வட்டங்களில் அடங்காது. மையைத் தொட்டுத் தொட்டுக் கையால்தான் எழுத வேண்டும். எட்டு வருடமாக எழுதி, ஒரு வாக்கியத்தில் எந்த வார்த்தை வேண்டாதது என்று பார்த்தவுடனே சொல்லக்கூடியவளாக ஆகியிருந்தாள்.

அந்த வருடம் தொடர் எழுதிக்கொண்டிருந்தவர் பாதியில் விட்டுவிட்டுப் பம்பாய்க்குப் போய்விட்டார். தொடரின் வில்லன் பெயர் அகிலாந்தகன். கடலை வற்ற வைப்பான், சூரியனை நிறுத்துவான். அவனால் ஆகாதது ஒன்றுமில்லை.

“மீதியை நீயே எழுதிடேன் ஃப்ளோராம்மா” என்றார் பாய்.

பழைய பக்கங்களை எடுத்துப் பார்த்தாள். படத்துக்குப் படம் அகிலாந்தகன் இடி மாதிரி சிரித்தான். உலகத்தையே ஆளப்போகிறேன் என்று கத்தினான். அவளுக்கு அது பொய்யாகப் பட்டது. எல்லாம் செய்ய முடிந்தவன் எதற்குக் கத்த வேண்டும்? யாராவது கேட்காமல் போய்விடுவார்களோ என்று பயப்படுகிறவன்தானே கத்துவான்? எல்லாவற்றையும் கையில் வைத்திருப்பவன் எப்படி இருப்பான் என்பதற்கு அவளுக்குத் தெரிந்த ஆள் ஒருவன் இருந்தான்.

அவள் கணவன் யேசுதாஸ் திருவொற்றியூர் ரோட்டில் ஒரு உர மூட்டைக் கிடங்கில் தினக்கூலி. காலை ஏழு மணிக்கு கேட்டில் நூறு பேர் நிற்பார்கள். மேஸ்திரி பொன்னுரங்கம் வந்து விரலை நீட்டி அறுபது பேரை எடுப்பான். மற்றவர்கள் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். அவன் சத்தம் போட்டு யாரும் கேட்டதில்லை. யேசுதாஸ் மறந்துவிட்டுப் போன சாப்பாட்டுத் தூக்கை ஒரு நாள் கொடுக்கப் போனபோது அவளே பார்த்தாள். வயதான ஒருவர், “ஆறு நாளா என்னிய எடுக்கலியே, இன்னா காரணம் மேஸ்திரி?” என்று கேட்டார். பொன்னுரங்கம் வெற்றிலையை மடித்துக்கொண்டே, “காரணம் சொல்றவன் கீழ கீறவன் பெருசு. நான் மேல கீறேன்” என்றான். குரலில் கோபமே இல்லை.

அந்த வாக்கியம் அகிலாந்தகனின் வாய்க்குப் போனது. அதைப் பிடித்துக்கொண்டு மற்றதும் வந்தது. ‘உங்களை நான் வெறுக்கவில்லை. மழை யாரை வெறுக்கிறது?’ ‘அடிபடக்கூடியவர்கள் தங்களுக்குள் செய்துகொண்ட ஏற்பாடுதான் நியாயம். என்னை அடிக்க ஆளில்லை. எனக்கு எதற்கு அது?’ வசனங்களைப் படித்த ஓவியர் தேவப்பிரியம், அகிலாந்தகனை வாயை மூடினபடி வரைய ஆரம்பித்தார்.

பத்திரிகை, கிடங்கு கேட்டிலும் கைமாறிக் கைமாறிப் போனது. ஒரு மாதத்தில் பொன்னுரங்கத்துக்கு அங்கே பெயரே மாறிவிட்டது. “அகிலாந்தகன் வந்துகினு கீறான்” என்று முணுமுணுப்பார்கள்.

“அவன் காதுல வுழுந்தா நான் காலி ஃப்ளோரா” என்றான் யேசுதாஸ்.

விழுந்தது. ஒரு மதியம் பொன்னுரங்கம் அச்சகத்துக்குள் வந்து காகிதக் கட்டின் மேல் உட்கார்ந்தான். கையில் சுருட்டிய ‘கடல்குதிரை’. மிஷினை நிறுத்து என்று அவன் சொல்லவில்லை. பாயே நிறுத்திவிட்டார்.

“இத்த எழுதறது யாரு?”

“அது வெளியாளு...” என்று பாய் இழுத்தார்.

“நான்தான்” என்றாள் ஃப்ளோரா. பேனாவிலிருந்து மை சொட்டி, எழுதி முடித்த பக்கத்தின் மேல் விழுந்தது.

பொன்னுரங்கம் அவளை நிதானமாகப் பார்த்தான். “நல்லா கீது. என் மனசுல கீறது எனக்கே சொல்ல வராது. நீ எழுதிகீற. கடசில இவன் இன்னா ஆவான்?”

“கதாநாயகன் கைக்கு ஒரு வாள் கெடைக்கும்...”

“எல்லாம் செய்ய முடிஞ்சவன் ஒரு வாளுக்குச் சாவானா? நீயே சொல்லும்மா.”

அந்தக் கேள்வி அவளுக்குள்ளும் இருந்தது.

“சாவக் கூடாது. தோக்கவும் கூடாது.” அவன் எழுந்தான். “யேசுதாசு உன் வூட்டுக்காரன்தானே? தெனமும் எடுத்துகினுதான் கீறேன்.”

வீட்டில் யேசுதாஸ், “எழுதிக் குடுத்துடு. கதைதானே” என்றான். கடைசிப் பகுதிக்கு ஒன்பது நாள் இருந்தது. அந்த ஒன்பது நாளும் அவன் வந்ததும் சட்டையில் உரத் தூசி இருக்கிறதா என்றுதான் முதலில் பார்ப்பாள். தினமும் இருந்தது. அதுவே அவளுக்குப் பயமாக இருந்தது.

கேட்டபடியே எழுதினாள். கதாநாயகனின் வாள் அகிலாந்தகன் மேல் பட்டுத் தூளாகிறது. அவன் ஊரையே மண்டியிட வைக்கிறான். ‘நீயே பெரியவன்’ என்று ஆயிரம் வாயைச் சொல்ல வைக்கிறான். கேட்டுக்கொண்டே இருக்கும்போது அவனுக்கு உறைக்கிறது, அத்தனையும் அவன் சொல்ல வைத்தது, அவன் குரலே அவனிடம் திரும்பி வருகிறது. ஒரு மீன்காரியை மட்டும் தன் பிடியிலிருந்து விட்டு, ‘நீயாக ஒரு வார்த்தை சொல்’ என்கிறான். அவள் கூடையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொள்கிறாள்.

“அவ தலைக்கு மேல வட்டம் போட்டிருக்கேன், வசனம் எங்க?” என்று கேட்டார் தேவப்பிரியம்.

“காலியா வுட்ருங்க.”

கடைசிப் படத்தில் அகிலாந்தகன் சிம்மாசனத்தில் காத்துக்கொண்டிருந்தான். சாகவில்லை. தோற்கவும் இல்லை.

இதழ் வந்த மூன்றாம் நாள் காலை, பொன்னுரங்கம் விரலை நீட்டாமல் வரிசையின் முன்னால் நடந்தான். யேசுதாசிடம் நின்றான்.

“படிச்சேன். உன் பொண்டாட்டி என்னிய கிண்டல் பண்ணிகீறாளா?”

யேசுதாஸ் பேசவில்லை.

“நீ சொல்லு” என்று அடுத்து நின்ற கோதண்டத்தைக் கேட்டான். கோதண்டமும் பேசவில்லை. அதற்கடுத்தவனும் பேசவில்லை. எங்கேயோ ஒருவன் இருமினான். பொன்னுரங்கம் வரிசையின் கோடி வரை கேட்டுக்கொண்டே போனான். அத்தனை பேரும் தரையைப் பார்த்தபடி நின்றார்கள். கேட்டுக்குள் லாரிகள் ஹாரன் அடிக்க ஆரம்பித்தன. “யாராச்சும் வாயத் தொறங்கடா” என்று அவன் கத்தியதை அன்றுதான் முதல்முறையாகக் கேட்டார்கள். ஒன்பது மணிக்கு மானேஜர் வெளியே வந்து, “என்னய்யா நடக்குது?” என்றதும், அவன் யாரையும் பார்க்காமல் விரலை நீட்டி அறுபது பேரை எடுத்தான். யேசுதாஸ் அதில் இல்லை.

அதற்குப் பிறகு அவனை அந்தக் கேட்டில் எடுக்கவே இல்லை. ஏழு மாதம் ஃப்ளோராவின் சம்பளத்தில் குடும்பம் ஓடியது. பிறகு எண்ணூர்ப் பக்கம் இரும்பு வார்க்கும் ஒரு பவுண்டரியில் அவனுக்கு வேலை கிடைத்தது. பொன்னுரங்கம் மேஸ்திரியாகவே இருந்தான். ஆனால் காலையில் சத்தம் போட ஆரம்பித்துவிட்டான் என்று கோதண்டம் வந்து சொன்னான்.

வேலையில்லாமல் இருந்த நாட்களில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வரும் வழியில் ஃப்ளோரா கணவனிடம், “என்னாலதானே” என்றாள்.

“ஊர்ல எல்லாம் நான் தகிரியமா நின்னேன்னு பேசிக்கினு கீறாங்க. அப்டி ஒண்ணும் இல்ல. பயத்துல நாக்கு எழலை, அவ்ளோதான்.”

“மத்தவங்க?”

“அவங்களுக்கும் அதான்னு நெனைக்கிறேன். நான் கேக்கலை.”