ஓடக்காரி செத்த ஞாயிற்றுக்கிழமை

எங்கள் கதை ஆட்டத்து விதிப்புத்தகத்தின் நாற்பத்தோராம் பக்கத்தை இரண்டு வருடமாக நாங்கள் திறக்கவே இல்லை. கதாபாத்திரம் செத்தால் என்ன செய்வது என்று சொல்கிற பக்கம் அது. யாரும் சாகவில்லை. சாகாததற்குக் காரணம் நான்.

ஞாயிறு மதியம் மூன்று மணிக்கு ஆம்பூரில் என் வீட்டு முன்னறையில் கூடுவோம், நாலு பேர், எல்லோருக்கும் நாற்பது தாண்டிவிட்டது. ஒருவர் கதையை நடத்த வேண்டும். காடு, மழை, பேய், சத்திரத்துச் சமையல்காரன் எல்லாம் அவரே. அது நான். மற்றவர்களுக்கு ஆளுக்கொரு பாத்திரம். என்ன செய்யப்போகிறேன் என்று வாயால் சொல்ல வேண்டும், நடக்குமா என்பதை இருபது முகப் பகடை சொல்லும், பெரிய எண் விழுந்தால் பலிக்கும். டேனரியில் தோலைத் தடவிப் பார்த்துத் தரம் பிரிக்கிறவர் எங்கள் மந்திரவாதி. அவர் மனைவி திருடி. வேலூரிலிருந்து பஸ் பிடித்து வருகிற நர்ஸ், ஓடக்காரி. பாலாற்றங்கரை ஆட்களுக்குத் தண்ணீர் ஓடுகிற ஆற்றைக் கற்பனை செய்யவே மூன்று வாரம் பிடித்தது என்பது வேறு கதை.

என் பகடையை மட்டும் ஒரு ஷூ பெட்டி மூடிக்குப் பின்னால் உருட்டுவேன். பேய் பதினெட்டு போடும். அடிபட அடிபடக் குறைகிற உயிர் ஓடக்காரிக்கு இரண்டுதான் மிச்சம் இருக்கும். "ஆறு" என்று வாய் கூசாமல் சொல்லிவிடுவேன்.

அன்று, மக்கன் பேடா தின்ற விரலைத் துடைத்துக்கொண்டே தரம் பிரிக்கிறவர் ஆரம்பித்தார்.

"அக்கா, ஒண்ணு கேக்கறேன். கோச்சிக்கக் கூடாது."

"கேளுங்க பாய்."

"சிஸ்டருக்கு உயிர் கம்மியாச்சுன்னா உங்க பேய்ங்களுக்குக் கை வெளங்காம போய்டுது. எட்டுக்கு மேல விழவே மாட்டேங்குது. இன்னா விஷயம்?"

"அதிர்ஷ்டம்தான்."

"நூறு தோல் பாத்து நூறும் முதல் தரம்னு ஒருத்தன் எழுதினா, தோல் நல்லாருக்குன்னு இல்லக்கா. பாத்தவன் சரியா பாக்கலன்னு அர்த்தம்."

"வூட்ல என் கொழம்புக்கும் இப்டித்தான் தரம் போடறாரு," என்றார் அவர் மனைவி. "நேத்து மூணாம் தரமாம். மூணு தடவ ஊத்திக்கினாரு."

சிரித்தோம். நர்ஸ் மட்டும் சிரிப்பைப் பாதியில் நிறுத்தினார்.

"அப்ப பாலத்துல அந்த ராட்சசன நான் கவுத்தது?"

நான் பேடாவைப் பார்த்தேன். பேடா என்னைப் பார்த்தது.

"வெள்ளத்துல ரெண்டு பேரத் தூக்கிக்கினு நீந்தினது? அதுவும் நீங்க போட்ட பிச்சையா?"

"எல்லாம் இல்ல சிஸ்டர். எது எதுன்னு எனக்கே ஞாபகம் இல்ல."

"எனக்கு ஒண்ணாவது நெஜமா வேணும்க்கா. செத்தாலும் பரவால்ல. மூடிய எடுங்க. இன்னைக்குப் புக்ல இருக்கற மாதிரி ஆடலாம்."

மூடியை எடுத்தேன். மேசை ஒரே நொடியில் மைதானமானது, எங்கும் ஒளிய இடமில்லை, என் பகடை வெயிலில் நின்ற குழந்தை மாதிரி பளபளத்தது. பயமாக இருந்தது. ஐயோ, எவ்வளவு ஜோராகவும் இருந்தது!

குகைக்குள் மூன்று தலை ஓணான். மந்திரவாதி நெருப்பு ஏவினார், இரண்டு விழுந்தது, விதிப்படி நெருப்பு அவர் தாடியிலேயே பற்றியது. "அல்லா!" என்று நிஜத் தாடியைத் தடவிக்கொண்டார். திருடிக்குப் பத்தொன்பது, நடுத்தலையின் தங்கப்பல் அவள் மடியில். ஓணான் சீறித் திரும்பியது. ஓடிவிடலாம், விதி அதற்கு இடம் தருகிறது. ஆனால் யாராவது ஒருவர் அதை மறித்து நின்றால்தான் மற்றவர்கள் ஓட முடியும்.

"நீங்க போங்க," என்றார் நர்ஸ். "என்கிட்ட துடுப்பு இருக்கு."

அவருக்கு மிச்சம் நாலு உயிர். உள்ளங்கையில் பகடையை மூடி, குலுக்கி, விட்டார். உருண்டது, டம்ளரில் இடித்தது, நின்றது. பதினேழு.

"நெஜம்தானே?"

"நெஜம், சிஸ்டர். ரெண்டு தலை போச்சு."

நாற்காலியை விட்டுக் குதித்தார். டீ கவிழ்ந்தது, பேடா உருண்டது, நாலு பேரும் எதற்கென்று தெரியாமல் கைதட்டினோம். சர்ச்சுக்குக் கட்டிய பட்டுப்புடவையோடு ஓடக்காரி என் முன்னறையை இல்லாத துடுப்பால் இரண்டு சுற்று வலித்து வந்தார்.

அப்புறம் என் முறை. மிச்சமிருந்த ஒற்றைத் தலைக்காக உருட்டினேன். எல்லோர் கண்ணெதிரிலும் இருபது.

என் கை தானாக மூடியை நோக்கிப் போனது. நர்ஸ் என் மணிக்கட்டைப் பிடித்தார், நாடி பார்க்கிற அதே பிடி.

"தொடாதீங்க."

ஓடக்காரி செத்தாள். இரண்டு வருடத்து ஓடக்காரி. தரம் பிரிக்கிறவர் புத்தகத்தை இழுத்து நாற்பத்தோராம் பக்கத்தைத் திறந்து, இங்கிலீஷை விரலால் தடவித் தடவி வாசித்தார். நிமிர்ந்தபோது முகம் வெளுத்திருந்தது.

"செத்தவங்க சும்மா ஒக்காரக் கூடாதாம். எது கொன்னுச்சோ, இனிமே அதுவா ஆடணுமாம்."

"யாரு?" என்றார் நர்ஸ். "நானா? ஓணானா?"

அடடா, என் நல்ல மனசு இரண்டு வருடமாக எதைப் பூட்டி வைத்திருந்தது!

நர்ஸ் மெல்லத் தலையை ஆட்டினார். மேலே, கீழே. மேலே, கீழே. வெட்டுப்பட்ட இரண்டு தலைக்கும் சேர்த்து ஒரே தலை பேசியது, வார்டில் ரவுண்டு வருகிற குரலில்: "பெட் நம்பர் ஒண்ணு, தாடி எரிஞ்ச கேஸா? ஊசி போடலாமா?"

"அக்கா, காப்பாத்துங்க!" தரம் பிரிக்கிறவர் நாற்காலிமேல் காலைத் தூக்கிக்கொண்டார்.

"பகடை போடுங்க பாய்."

"நீ ஓடும்மா, நான் வர்றேன்!" என்று மனைவியிடம் கத்தினார். அந்த அம்மா எப்போதோ தங்கப்பல்லோடு குகைக்கு வெளியே போயிருந்தார்.

வெயில் சாய்ந்ததும் நர்ஸை பஸ் ஏற்றிவிடப் போனோம். ஷூ பெட்டி மூடியில் மிச்சப் பேடாக்களை வைத்து அவரிடம் கொடுத்தேன். இனி அதற்கு வேறு வேலை இல்லை. ஓடக்காரியின் உயிர்க்கணக்கு எழுதிவந்த தாளை அவர் நாலாக மடித்துக் கைப்பையில் வைத்தார். அதன் ஓரத்தில் பேனாவால் அழுத்தி, பதினேழு.

பஸ் நகர்ந்தது. ஜன்னலில் அவர் தலை மேலே, கீழே, மேலே, கீழே ஆடியது. பிளாட்பாரத்தில் தரம் பிரிக்கிறவர் தாடியை இரண்டு கையாலும் மூடிக்கொண்டு என் பின்னால் வந்து நின்றார்.