மண்டூர் ரேடியோவும் உதுமான் காக்காவின் ஊசியும்

வீட்டு ரேடியோ திடீரென்று ஊமையாகிவிட்டால் நீங்கள் என்ன செய்வீர்கள்? பெட்டியின் தலையில் ஒரு தட்டு. அதற்கும் மசியாவிட்டால் இன்னொரு தட்டு, கொஞ்சம் பலமாக. நானும் அந்தக் கட்சிதான்... போன வெள்ளிக்கிழமை வரை.

வியாழன் மாலை மண்டூரிலிருந்து என் சிநேகிதர் போடியார் ஆள் அனுப்பியிருந்தார். பெரிய வயல்காரர். அதைவிடப் பெரிய பிடிவாதக்காரர். "ரேடியோ செத்துப்போச்சு. நாளைக்குப் பின்னேரம் ஆறரைக்குள்ள உயிர் வரவேணும்" என்று செய்தி.

ஆறரைக்கு என்ன? கொழும்பில் ஆசிரியையாக இருக்கும் அவருடைய மூத்த மகள் பூமணி, முதன்முதலாக ரேடியோவில் பாடப்போகிறாள். கால் மணி நேரம்.

இதில் ஒரு சங்கதி இருக்கிறது. அப்பனும் மகளும் பேசி ஒன்றரை வருஷம் ஆகிறது. "நாலு பேர் முன்னால நிண்டு பாடுறவள் என்ர வீட்டில இருக்கப்படாது" என்று இவர் ஒரு நாள் வாயை விட்டார். அவளும் அவருக்குப் பிறந்தவள்தானே? றெயில் ஏறிவிட்டாள். அவள் போன மூன்றாம் மாதம் போடியார் ரேடியோ வாங்கினார். எதற்கு என்று கேட்டால் யுத்தச் செய்தி கேட்க என்பார். யுத்தச் செய்தி கேட்கிற மனிதருக்குப் பாட்டு நேரங்கள் எல்லாம் எப்படி மனப்பாடம்? நான் கேட்டு வம்பை வாங்கிக்கொள்ளவில்லை.

என்னிடமும் அதே மாதிரி பற்றரி ரேடியோதான். இருவரும் கூட்டாகப் போய் வாங்கியது. உள்ளே நிற்கிற கண்ணாடிக் குமிழ்களில் ஒன்று, சத்தத்தை வெளியே தள்ளுகிற வால்வு, எரிந்திருக்கும் என்று நானே முடிவு கட்டினேன். யுத்த காலத்தில் புது வால்வுக்கு எங்கே போவது? என் ரேடியோவைத் திறந்து அந்த வால்வைக் கழற்றிச் சால்வையில் சுற்றிக்கொண்டேன். பெரிய தியாகம் செய்கிற நினைப்பு வேறு.

வழியில் காத்தான்குடியில் உதுமான் காக்காவையும் கூட்டிக்கொண்டேன். அண்ணனைக் காக்கா என்பது அந்த ஊர் வழக்கம். தறிக்காரக் குடும்பத்தில் பிறந்தவர். பட்டாளத்துக் காம்பில் இரண்டு வருஷம் ரேடியோ வேலை செய்து பழகியவர். கையில் ஒரு தகரப் பெட்டி, தோளில் துவாய், வாயில் வெற்றிலை. குருமண்வெளித் துறையில் தோணி பிடித்து, மண்டூர் போய்ச் சேர மணி நாலரை.

வீடு நிறையச் சனம். வால்வை எடுத்து நீட்டினேன். "போடுங்க காக்கா. வேலை முடிஞ்சுது."

அவர் வாங்கவில்லை. போடியாரிடம் திரும்பினார்.

"சத்தம் ஒரே அடியா நிண்டதா? இல்ல, கொஞ்ச நாளாக் கரகரத்ததா?"

"ரெண்டு மாசமாக் கரகரப்புத்தான்."

"பற்றரியும் வழக்கத்தவிடக் கெதியா முடிஞ்சிருக்குமே?"

போடியார் திகைத்தார். "ஓம். போன கிழமைதான் புதுசு போட்டன். உங்களுக்கு ஆர் சொன்னது?"

காக்கா பெட்டியைத் திறந்தார். வால்வு எரிந்துதான் இருந்தது. நான் சொன்னது சரி! நெஞ்சை நிமிர்த்திக்கொண்டேன்.

"எரிஞ்சது சரி, மாஸ்ரர். எரிச்சது எது?" என்றார்.

நிமிர்ந்த நெஞ்சு பழைய இடத்துக்கு வந்தது.

எரிந்த வால்வைக் கழற்றிக் கீழே வைத்தார். அது நின்ற இடம் வெறுமையாக இருக்க, ரேடியோவை முடுக்கிவிட்டு, தகரப் பெட்டியிலிருந்து ஊசி வைத்த மீற்றரை எடுத்தார். வால்வே இல்லாத ரேடியோவில் என்ன சோதனை? சனம் சிரித்தது. அவர் மீற்றரின் இரண்டு வயர்களையும் அங்கே இங்கே தொட்டுத் தொட்டுப் பார்த்தார். மண்டூர்க் கோயிலில் வாய்கட்டிப் பூசை செய்கிறார்களே, அப்படி ஒரு மௌனம். ஓரிடத்தில் நிறுத்தினார்.

"இந்த இடத்தில ஊசி அசையப்படாது. அசையுது."

காட்டிய இடத்தில் மெழுகு பூசிய சுருட்டுத் துண்டு போல ஒரு சாமான் இருந்தது. கண்டென்சர் என்றார். பாட்டை அப்பால் விட்டு, பற்றரியின் வலுவை மட்டும் மறித்து நிற்பது அதன் வேலையாம்; அது கசிந்ததில்தான் பற்றரியும் வீணாகத் தீர்ந்ததாம்.

"போடியார், உங்கட வயல் வட்டையில வரம்பு கசிஞ்சா என்ன ஆகும்?"

"பயிர் அழுகும்."

"புதுப் பயிர் வைச்சா?"

"அதுவும் அழுகும்..." என்று இழுத்தவர், என் கையிலிருந்த வால்வைப் பார்த்தார்.

மணி ஐந்தே முக்கால். எனக்குப் பொறுக்கவில்லை. "கால் மணி நேரப் பாட்டுத்தானே காக்கா? அதுக்குள்ள எரியாது. போட்டுடுங்க!"

"எரியாமலும் இருக்கும். பாட்டுக்கு நடுவில போகவும் செய்யும். எது எண்டு எனக்குச் சொல்லேலா. சொல்லேலாத வேலைய நான் செய்யன், மாஸ்ரர்."

கோபம் வந்தது எனக்கு. பாடும்போது கேட்டால் உண்டு, தவறினால் போனதுதான். அடுப்பங்கரை வாசலில் போடியாரின் மனைவி சேலைத் தலைப்பைப் பிசைந்துகொண்டு நிற்கிறார். இந்த மனுஷன் என்ன இப்படி?

காக்கா தன் பெட்டியைக் கிளறிப் பழைய கண்டென்சர்கள் நாலு எடுத்தார். அதையாவது உடனே வைத்தாரா? இல்லை! ஒவ்வொன்றாகப் பற்றரியிலும் மீற்றரிலும் கோத்துச் சோதித்தார். ஊசி துள்ளி எழும்பித் திரும்பி விழவேண்டுமாம். முதலாவது பாதியில் நின்றுவிட்டது. எறிந்தார். இரண்டாவது? அதுவும் அப்படியே. மூன்றாவது மெல்ல மெல்ல இறங்கி, கொஞ்சம் மிச்சம் வைத்தது. அதையும் எறிந்தார். எனக்கு அழுகையே வரும்போல இருந்தது.

நாலாவது துள்ளியது... விழுந்தது. முழுதாக விழுந்தது.

கசிந்ததை எடுத்துவிட்டு, அடுப்புத் தணலில் காய்ச்சிய ஈயக்கோலால் இதை ஒட்டினார். வெறும் இடத்தில் மறுபடி மீற்றரை வைத்தார். ஊசி அசையவில்லை. "சரி, இப்ப வால்வத் தாங்க" என்றார். நீட்டினேன். இந்தத் தடவை வாங்கினார்.

ஆறு இருபத்தேழு. கொழும்பு பேசியது.

ஒன்றை ஒப்புக்கொள்ளட்டுமா? முப்பது வருஷம் வாத்தியார் வேலை பார்த்தேன். பிள்ளை கணக்கில் பிழை விட்டால் பிரம்பை எடுப்பேன். பிழை எங்கிருந்து கசிந்தது என்று ஒரு நாளாவது தேடியிருப்பேனா? அந்த மனிதர் ஒரு சின்னப் பெட்டிக்கு அவ்வளவு மரியாதை கொடுத்தார். எனக்கு வெட்கமாக இருந்தது. அதைவிட அதிகமாக, அவர்மேல் பிரியமாக இருந்தது.

பூமணி பாடினாள். கரகரப்பு இல்லை, கம்மல் இல்லை. அவள் மூச்சு இழுப்பதுகூடக் கேட்டது. தாய் வாசலைவிட்டு மெல்ல வந்து பெட்டிக்குப் பக்கத்தில் நிலத்தில் உட்கார்ந்தார். போடியார் நின்றபடியே கேட்டார். கடைசிப் பாட்டில் அவர் கண் கலங்கியதை எல்லாரும் பார்த்தோம், பார்க்காததுபோல் இருந்தோம்.

பாட்டு முடிந்து வேறு யாரோ பேசத் தொடங்கியதும் போடியார் உதுமான் காக்காவிடம் வந்தார். இவ்வளவு தெரிந்த மனிதரால் முடியாததும் உண்டா என்ற நம்பிக்கை அந்த முகத்தில்.

"காக்கா... பிள்ளைட பாட்ட இன்னொருக்காப் போடுங்க."

யாரும் சிரிக்கவில்லை. காக்கா தகரப் பெட்டியை மூடினார்.

"இது கிராமபோன் பிளேட்டு இல்ல, போடியார். மகள் அங்க நிண்டு பாடினது. இன்னொருக்கா வேணுமெண்டா, நீங்க போய் அவவப் பாடச் சொல்லணும்."

மறுநாள் கொழும்பு றெயிலில் போடியார் இருந்தார்.