முன்மொழிய ஒரு கையெழுத்து

எங்கள் வார்டில் தேர்தல் அமைதியாக முடிந்தது என்று யாராவது சொன்னால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது. அமைதியாம்! போட்டியே இல்லாத இடத்தில் சண்டை எங்கிருந்து வரும்? அந்த அமைதிக்கு நானும் ஒரு காரணம் என்பதுதான் வயிற்றெரிச்சல்.

அப்போது நான் தேர்தல் விழிப்புணர்வுச் சங்கம் ஒன்றில் வேலை பார்த்தேன். அனுப்பம்பட்டு, லைட்ஹவுஸ் குப்பம் என்று ஊர் ஊராகப் போய்க் கூட்டம் போடுவோம். ஓட்டுக்குப் பரிசு வாங்காதே, யார் வேண்டுமானாலும் நிற்கலாம், நிற்கிறவரை நடுத்தெருவில் கூப்பிட்டுக் கேள்வி கேள் என்போம். மைக் கையில் கிடைத்தால் நான் லேசில் விடமாட்டேன். சொந்தக் குப்பத்தில் மட்டும் அந்தத் தொண்டை எங்கே போனது என்றால், அதைத்தான் சொல்ல வருகிறேன்.

பழவேற்காட்டு ஏரியில் எந்த இடத்தில், எந்த நாளில், யார் வலை போடுவது என்று சீட்டுக் குலுக்கித்தான் முடிவு செய்வோம். அதற்குப் பாடு என்று பெயர். கோயில் வாசலில் ஊர் கூடும். பித்தளைச் சொம்பில் சீட்டுகளைப் போட்டு என் நைனா குலுக்குவார். ஊர்த் தலைவர் அவர்தான். நல்ல இடம் விழுந்தவன் சிரிப்பான், விழாதவன் முணுமுணுத்துவிட்டு எழுந்து போவான். அந்தச் சொம்பின் மேல் யாரும் சந்தேகப்பட்டதில்லை, நானும்தான். ஆனால் பாடு உள்ள வீட்டு ஆண்களுக்கு மட்டும்தான் அதில் சீட்டு. பெண்களுக்குக் கிடையாது. வார்டின் கடைசித் தெருவில், இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கிக் கையால் தடவி இறால் பிடிக்கும் குடும்பங்கள் இருக்கின்றன. அவர்களுக்கும் கிடையாது.

பஞ்சாயத்துத் தேர்தல் வந்தது. எங்கள் வார்டைப் பெண்களுக்கென்று ஒதுக்கியிருந்தார்கள். ஊர் என்ன செய்தது தெரியுமா? அதே சொம்பை எடுத்தது. ஆண்கள் பெயரை எழுதிப் போட்டுக் குலுக்கியது! எவன் பெயர் வருகிறதோ அவன் பெண்டாட்டி நிற்க வேண்டும், வேறு யாரும் மனு போடக்கூடாது. இது ஊர்க்கட்டு. என் அண்ணன் பெயர் வந்தது. அண்ணி அந்நேரம் வீட்டில் மீன் கழுவிக்கொண்டிருந்தார். அவர் வேட்பாளர் ஆகிவிட்ட செய்தியை நான்தான் ஓடிப்போய்ச் சொன்னேன்.

“ஐயோ, நானா? எனக்கு இன்னா தெரியும்?” என்றார்.

“உனக்கு ஒண்ணும் தெரிய வேணாம். கையெழுத்து மட்டும் போடு” என்றான் பின்னாலேயே வந்த அண்ணன்.

நேராக நைனாவிடம் போனேன். “இன்னா நைனா இது? எலெக்சன் இன்னா பாடா, குலுக்கிப் போட?”

“பாடு குலுக்கறதுல யாருக்காச்சும் கொற கீதா சொல்லு. அடிதடி இல்ல, பகை இல்ல. நீ ஊர் ஊரா போயி நியாயமா நடத்துங்கனு கத்திகினு கீறியே, இத்த விட நியாயம் இன்னா கீது?”

“சொம்புல சீட்டு இல்லாதவங்களுக்கு?”

“அவங்க எப்ப கேட்டாங்க?” என்று துண்டை உதறிக்கொண்டு எழுந்துவிட்டார்.

கேட்டார் ஒருவர். கடைசித் தெருவில் இறால் பிடிக்கிறவர், கணவர் இல்லை. என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவர். ஆனாலும் என்னை அவர் அக்கா என்பார், நான் அவரை நீ என்பேன். எங்கள் ஊர் வைத்த வழக்கம் அப்படி. எழுத்திலாவது அவர் என்று எழுதிக்கொள்கிறேன்.

டச்சுக்காரர்களின் கல்லறை மதிலோரம் நான் நடத்திய கூட்டங்கள் எல்லாவற்றிலும் முன்னால் வந்து உட்கார்ந்தவர் அவர். குடிதண்ணீர்க் குழாய் எங்கள் தெருவோடு நின்றுவிட்டது. அவர்கள் தெருவுக்கு வரவில்லை. “நாள்பூரா தண்ணியில நிக்கறோம் யக்கா, குடிக்கற தண்ணிக்கு உங்க தெருவுல வந்து கொடத்தோட நிக்கறோம். மெம்பர் ஆனா கொழாய இன்னும் கொஞ்சம் இழுத்துக்கினு வரலாமா?” என்று கேட்டார்.

“தாராளமா. நீயே நில்லு, யாரு வேணாம்னா?” என்றேன். எவ்வளவு சுலபமாகச் சொன்னேன்!

விஷயம் ஊருக்குத் தெரிந்துபோனது. அவர் மனுவில் எவன் கையெழுத்துப் போடுகிறானோ அவன் இறாலைக் குப்பத்தில் யாரும் வாங்கக்கூடாது என்று பேசிவைத்தார்கள். என் அண்ணன் வாயாலேயே சொன்னதாகக் கேள்வி. பிடித்த இறாலை அன்றைக்கே விற்றால்தான் அந்தத் தெருவில் அடுப்பு எரியும். அது தெரிந்துதான் அந்த இடத்தில் கை வைத்தார்கள், பாவிகள்.

மனு போடக் கடைசி நாள். பஞ்சாயத்து ஆபீஸ் வாசலில் எங்கள் சங்கம் ஒரு மேசை போட்டிருந்தது. படிவம் நிரப்பத் தெரியாதவர்களுக்கு நிரப்பிக் கொடுப்பது என் வேலை. மத்தியானம் அவர் வந்தார். நல்ல சேலை கட்டி, தலை வாரி, ஓட்டர் கார்டைத் துணிப்பையில் வைத்துக்கொண்டு வந்திருந்தார். நான் ஒவ்வொரு கோடாக நிரப்பினேன். முன்மொழிபவர் என்ற இடத்தில் பேனா வந்து நின்றது. அதே வார்டு வாக்காளர் ஒருவர் அங்கே கையெழுத்துப் போட வேண்டும்.

“யாரு போடறாங்க?” என்றேன்.

“யாரும் வரல யக்கா. வீடு வீடா கேட்டுட்டேன். பயப்படறாங்க. அவங்க மேல தப்பு சொல்ல மாட்டேன்.” பிறகு என்னைப் பார்த்தார். “உங்க ஓட்டும் இதே வார்டுதான?”

“ஆமா.”

“அப்ப நீங்க போடுங்களேன்.”

சங்கத்துக்காரர்கள் எந்தப் பக்கமும் சாயக்கூடாது, நாங்கள் எல்லாருக்கும் பொதுவானவர்கள் என்று விளக்கினேன். சங்கத்தில் அப்படி ஒரு விதி இருந்தது உண்மை. ஆனால் நான் சொன்னதில் பாதி பொய். ஆபீஸ் கேட்டுக்கு வெளியே அண்ணன் நாலு பேரோடு நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். நைனா முகம் கண்முன் வந்தது. அந்த வீட்டில்தான் நான் சாப்பிட வேண்டும். பயந்தேன், அவ்வளவுதான். அந்தப் பயத்துக்குப் பொதுவானவள் என்று ஒரு கௌரவமான பெயர் இருந்தது எனக்கு வசதியாகப் போயிற்று. ஊருக்குத்தான் உபதேசம்!

“பொதுவானவங்கன்னா ரெண்டு பக்கமும் ஆளு இருக்கணும் இல்ல யக்கா? இங்க ஒரு பக்கந்தான கீது” என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தித் தப்பித்திருப்பேன்.

உள்ளே பெஞ்சில் போய் உட்கார்ந்தார். மூன்று மணி வரை உட்கார்ந்திருந்தார். யாராவது வருவார்கள் என்றா, நான் எழுந்து வருவேன் என்றா, தெரியாது. மணி மூன்று ஆனதும் அதிகாரி பதிவேட்டை மூடினார். பெஞ்சிலிருந்து எழுந்தவர் தன் படிவத்தை நாலாக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு என் மேசையைத் தாண்டிப் போனார்.

அண்ணி போட்டியின்றித் தேர்வானார். “பாத்தியா, ஒரு சண்ட இல்ல” என்றார் நைனா. சங்கத்துக் கூட்டத்தில், என் பகுதியில் அசம்பாவிதம் எதுவும் இல்லை என்று பாராட்டி எனக்குச் சால்வை போர்த்தினார்கள். அதை மேடையிலேயே கழற்றி எறிந்தேன் என்று எழுத ஆசைதான். எறியவில்லை. மடித்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அடச்சீ என்று என்னையே துப்பிக்கொள்ளலாம் போலிருந்தது.

அடுத்து வந்த கிராம சபையில் அண்ணிக்குப் போட்ட நாற்காலியில் அண்ணன் உட்கார்ந்திருந்தான். அண்ணி வீட்டில். அன்றைக்குப் பெஞ்சில் காத்திருந்த அவர், கடைசித் தெருப் பெண்களோடு ஒரு மனு எடுத்துக்கொண்டு வந்தார். அதே குழாய்தான்.

“அப்பால பாக்கலாம், போய் உக்காரு” என்றான் அண்ணன்.

எனக்கு எங்கிருந்து வந்ததோ அந்தக் குரல். “அது உன் நாற்காலியாடா? எந்திரி! அண்ணியக் கூப்புடு!” என்று கத்தினேன். நைனா தலையைக் குனிந்துகொண்டார். அண்ணன் எழுந்திருக்கவில்லை. நான் விடுவிடுவென்று போய் அவர் கையிலிருந்த மனுவை வாங்கி முதல் ஆளாகக் கையெழுத்துப் போட்டேன். ஊரே பார்த்தது. போட்டு முடித்ததும் பெரிய காரியம் செய்துவிட்டதுபோல எனக்கு மூச்சு வாங்கியது.

அவர் அந்தக் கையெழுத்தைப் பார்த்தார்.

“அன்னிக்கி இத்தப் போட்டிருந்தா, தோத்துப் போயிருந்தாலும் என் பேரு ஓட்டுச்சீட்டுல வந்திருக்கும்” என்றார். அக்கா என்று சொல்லவில்லை.

பேனாவை என் கையிலிருந்து வாங்கி, பின்னால் நின்ற பெண்ணிடம் கொடுத்தார்.