நான் திருடாத ரெண்டாவது பேஸ்

இன்று வாலாஜாபாத்திலிருந்து காஞ்சிபுரம் வரும் பஸ்ஸில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது யார் தெரியுமா? சரோஜா. எழுபதுகளில் எங்கள் பள்ளி சாப்ட்பால் ஆட்டங்களுக்கு ஸ்கோர் எழுதியவள்.

நலம்கூட விசாரிக்காமல் கேட்டேன்: "அன்னிக்கு ஃபைனல்ல நான் ரெண்டாவது பேஸுக்கு ஓடினேனே, அதை ஏன்டி ஸ்டோலன் பேஸ்னு எழுதல?"

யாரும் பந்தை அடிக்காமலே ஓடிப்போய், ஓடுகிறவள் தொட்டு நிற்க வேண்டிய அடுத்த இடமான பேஸைப் பிடித்தால் அதுதான் ஸ்டோலன் பேஸ். நான் பிடித்தேன். முழங்காலில் தழும்புகூட இருக்கிறது.

சரோஜா யோசிக்கவே இல்லை. "பந்து உனக்கு முன்னாடியே வந்துட்சிமா. ரெண்டாவது பேஸ்ல நின்ன எதிர் டீம் பொண்ணு வாங்கிக் கீழ போட்டுட்டா. ஒழுங்கா புடிச்சிருந்தா நீ அவுட்டு. அதான் அவ பேர்ல எரர்னு எழுதினேன்."

"நம்ம ஸ்கூலுக்காக மாத்தி எழுதியிருக்கக் கூடாதா?"

"நீ கோச்சிக்கினு ஒரு மாசம் பேசாம இருந்தப்போ, அழிச்சிடலாமான்னு கூட தோணுச்சு. ஆனா நான் கண்ணால பாத்துக்கினு இருந்தேனே!"

எனக்குக் கோபம் வரவில்லை. இறங்கும்போது அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

என் பிள்ளைகளிடம் இத்தனை வருஷமாக வேறு கதை சொல்லி வைத்திருக்கிறேன். திருத்திச் சொல்லவா, அப்படியே விட்டுவிடவா? நீங்களே சொல்லுங்கள்.